நகராத பந்து

கரிக்கலாம்பாக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் மனைப்பிரிவின் விளம்பரத்தில் 'கோல்ஃப் வசதி' என்று போட்டிருந்தார்கள். நேரில் பார்த்தால், சறுக்கு மரத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே கல்யாணப் பந்தல் அளவுக்குப் பச்சைச் செயற்கைப் புல், அதில் ஒரு குழி, ஒரு கொடி. வேலிக்கு அந்தப் பக்கம் நெல். பந்தை ஓங்கி அடிக்க இடமில்லை. மெல்லத் தட்டி உருட்டிக் குழியில் தள்ளலாம். கோல்ஃபில் அது கடைசி வேலை. எங்களுக்கு அது மட்டும்தான்.

பொங்கல் போட்டிகளில் இதையும் சேர்த்தார்கள். நாளிதழில் பல வருடம் செய்தி திருத்தியவன், ஆங்கில விதிகளைப் படித்துவிடுவான் என்று என்னை நடுவராக்கினார்கள். இறுதி ஆட்டத்துக்கு வந்த இருவரில் ஒருவர் என் மனைவியின் தம்பி. மற்றவர் என் சம்பந்தி, மகளின் மாமனார். வில்லியனூர்க்காரர். இங்கே ஒரு மனை வாங்கிப் போட்டிருப்பதால் அவருக்கும் ஆட உரிமை உண்டு.

மகளுக்கு அது தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்ததும் தாய் வீட்டுக்கு அழைத்து வந்திருக்க வேண்டும். ஆனால் வளைகாப்பன்று மச்சானால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. சடங்கு நடக்கும்போது சம்பந்தி நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டார். "சம்பந்திக்கு எலைய போட்டாத்தான் முழிப்பு வரும்" என்றார் மச்சான். நாலு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் சம்பந்திக்கு முழிப்பு வந்துவிட்டது. மகள் வில்லியனூரிலேயே இருந்தாள். எப்போது அழைத்துப் போகலாம் என்று சம்பந்தியைக் கேட்டால் "பாக்கலாம்" என்பார். கடைசியாகக் கேட்டபோது, "ஆட்டம் முடியட்டும், சொல்றேன்" என்றார்.

கடைசிச் சுற்று வரை இருவரும் சமம். சம்பந்தியின் பந்து குழிக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. மச்சானுடையது இன்னும் தள்ளி. அவர்தான் முதலில் அடிக்க வேண்டும். கொடியை எடுத்துவிடலாம் என்று நடந்த சம்பந்தியின் வெறுங்கால் மச்சானின் பந்தில் லேசாகப் பட்டது. பந்து அசையவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். அவர் பேசாமல் போயிருக்கலாம். குனிந்து, பந்தைக் கையில் எடுத்து, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, திரும்ப அதே இடத்தில் வைத்தார்.

நம்மில் யாரும் அதைத்தான் செய்வோம். புத்தகத்தில் கால் பட்டாலும், அடுத்தவர் மேல் கால் பட்டாலும் கை தானாகக் கண்ணுக்குப் போகிறது. கோல்ஃப் விதி எழுதியவர்கள் இதைக் கேள்விப்பட்டதில்லை போலும். குழி இருக்கும் புல்தரையில் தவறுதலாகப் பந்தை நகர்த்திவிட்டால் தண்டனை இல்லை, கையில் எடுத்து இருந்த இடத்தில் வைத்தால் போதும். ஆனால் எதிராளியின் பந்தை, அசையாமல் நிற்கும்போது, வேண்டுமென்றே கையில் எடுத்தால் எடுத்தவர் கணக்கில் ஓர் அடி ஏறும். அதாவது, சம்பந்தி எட்டி உதைத்த மாதிரி கால் பட்டு பந்து தண்ணீர்த் தொட்டி வரை உருண்டிருந்தாலும் ஒன்றுமில்லை. மரியாதை செய்ததற்குத்தான் அபராதம்.

மச்சானும் விதியைப் படித்திருந்தார்.

"மாமா, கையில எடுத்துட்டாரு. ஒண்ணு ஏத்துங்க."

"கண்ணுல ஒத்திக்கதானப்பா எடுத்தாரு."

"எதுக்கு எடுத்தா இன்னா? நாளைக்கி ஒருத்தன் பந்துக்குச் சூடம் காட்டுவான். அதையும் பாத்துகினு இருப்பீங்களா?"

பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மறுபடியும் அதே சிரிப்பு. எனக்கு ஒரே ஒரு வழி தெரிந்தது. சம்பந்தியிடம் போனேன்.

"கால் பட்டப்ப பந்து கொஞ்சம் நவுந்துச்சு இல்ல?"

"இல்லியே. சும்மா பட்டுச்சு."

"ஒரு நூல்கூட நவுரல?"

"நவுரல சம்பந்தி."

"நல்லா யோசிச்சு சொல்லுங்க. நவுந்திருந்தா உங்களுக்கு ஒண்ணுமில்ல."

"நா இன்னா பொய்யா சொல்றேன்? காலு என்னுது. எனக்குத் தெரியாதா?"

இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு எப்படி எடுத்துக் கொடுப்பது? ஓர் அடி ஏற்றினேன். மச்சான் தட்டிய பந்து நேராகக் குழிக்குள் போனது. சம்பந்தி தன்னுடையதையும் தள்ளினார். அந்த ஓர் அடியில் தோற்றார்.

செருப்பை மாட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். "வெள்ளிக்கிழம வந்து பொண்ண கூட்டிகினு போங்க. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல." நான் வாயைத் திறப்பதற்குள் விரலை நீட்டினார். "ஆனா ஒண்ணு. அவரு பந்து மேல கால் பட்டதுக்கே நா கும்புட்டேன். அவரு என்னப் பேசினதுக்கு இன்னிக்கி வரைக்கும் ஒரு வார்த்த சொல்லல. அவரு எங்க வூட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது."

எங்கள் குடும்பத்தில் கார் வைத்திருப்பவர் மச்சான் ஒருவர்தான். வண்டியை மட்டும் கொடு என்றேன். "யாரு ஓட்டுவா, நீங்களா?" என்றார், ஜெயித்த கோப்பையைத் துடைத்துக்கொண்டே.

வெள்ளிக்கிழமை தெருமுனையில் காரை நிறுத்திவிட்டு அவர் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். நிறைமாதத்தை நெருங்கியிருந்த மகள் அந்த வெயிலில் நடந்து வந்தாள். பின்னால் பையைத் தூக்கி வந்த சம்பந்தி, அதைச் சீட்டில் வைத்து, கதவைச் சாத்திவிட்டுப் போனார். முன் சீட்டுப் பக்கம் திரும்பவே இல்லை.

ரயில்வே கேட்டில் வண்டி நின்றபோது மச்சான் கேட்டார்: "மாமா, அன்னிக்கி நவுந்துச்சுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஆட்டம் சமமாயிருக்கும் இல்ல?"

"ஆமாம்."

"அப்பறம் ஏன் சொல்லல அவரு?"

கேட் திறந்துவிட்டது. பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்தான்.

"வண்டிய எடுப்பா" என்றேன்.