மோதக் கூடாத கிண்ணம்

என் பேராசிரியை ஸ்லாவிய மக்களின் சாவுச் சடங்குகளை ஆராய்வதிலேயே வாழ்வைக் கழித்தவர். மலைக் கிராமங்களில் கிழவிகளோடு அமர்ந்து, அவர்கள் பாடிய ஒப்பாரிகளை ஒலிநாடாவில் பதிந்துகொண்டு ரொறன்ரோ திரும்பினார். அந்த உழைப்பில் எழுந்த நூலே இன்றும் இத்துறைக்கு அடிப்படை. அதன் அட்டையில் இருப்பதோ அவருடைய கணவரின் பெயர். கணவரும் அதே துறைப் பேராசிரியர். பழைய கையெழுத்துப் பிரதிகளில் வல்லவர். அம்மலைகளுக்கு ஒருமுறையும் போகாதவர். முன்னுரையின் இறுதியில், தட்டச்சில் உதவிய மனைவிக்கு நன்றி என்று ஒரு வரி.

பேராசிரியையின் கடைசிக் காலத்தில் நான் அவருக்கு உதவியாளராக இருந்தேன். நாடாக்களில் கேள்வி கேட்கும் குரல் எல்லாம் அவருடையது. ஏன் பேசாமல் இருந்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். தேநீரில் எலுமிச்சைத் துண்டை அமிழ்த்தியபடி, "அப்போது அவருக்கு நிரந்தரப் பதவி வேண்டியிருந்தது" என்றார். அவர் மன்னித்திருந்தார். நான் மன்னிக்கவில்லை. நூலின் புதிய பதிப்பும் கணவரின் பெயரில் மட்டுமே வரவிருந்தது.

பேராசிரியை இறந்த நாற்பதாம் நாள் நினைவு விருந்துக்கு ஸ்காபரோ வீட்டிலிருந்து புறப்பட்டேன். அம்மா என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, உது செத்தவீட்டுக்குப் போற முகமே? வழக்காடப் போற மாதிரியெல்லோ கிடக்கு."

"ரெண்டும் ஒண்டுதான் அம்மா."

"பெஞ்சாதியைப் பறிகுடுத்த மனிசன். நீ வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரு."

"ஓம், நான் வாய் திறக்கமாட்டன். அவரைத்தான் கதைக்க விடப்போறன்."

தேவாலய மண்டபத்தில் அம்மலைகளிலிருந்து குடியேறிய முதியவர்களும், துறை ஆசிரியர்களும், நூலின் பதிப்பாசிரியரும் அமர்ந்திருந்தனர். இறந்தவருக்காகக் குடிக்கையில் அம்மக்கள் மதுக்கிண்ணங்களை மோதுவதில்லை. அவ்வொலி திருமணத்துக்கு உரியது. நூலில் ஓர் அதிகாரம் முழுவதும் இதைப் பற்றியதே. கணவர் அதைப் படித்ததேயில்லை என்று எனக்குத் தெரியும். புதிய பதிப்புக்காக நான் கேட்ட ஐயங்களையெல்லாம் மனைவியிடமே தள்ளிவிட்டவர் அவர்.

நினைவுரை கூறி முதல் கிண்ணத்தை உயர்த்துமாறு அவரைப் பணிவோடு வேண்டினேன். நிரப்பிக் கொடுத்தவளும் நானே.

அழகாகப் பேசினார். பிறகு பக்கத்து மூதாட்டியை நோக்கிக் கிண்ணத்தை நீட்டினார். அவள் தன் கிண்ணத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். புரியாமல் புன்னகைத்தவர், திரும்பிப் பதிப்பாசிரியரின் கிண்ணத்தில் ஓங்கி மோதினார்.

"உன் மனைவிக்கு இது தெரியும்," என்றாள் மூதாட்டி உடைந்த ஆங்கிலத்தில். "என் தாயின் சாவன்று எங்களோடு மேசையில் அமர்ந்து கற்றுக்கொண்டாள். நீ யாரிடம் கற்றாய்?"

பதிப்பாசிரியர் கிண்ணத்தை மேசையில் வைத்தார். பின்னர் என்னிடம் வந்து, நூலுக்கு ஆதாரமான நாடாக்கள் எங்கே என்று கேட்டார். மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

விடைபெறும்போது கணவர் என்னை வாசலில் மறித்தார். "நீ என்னை எச்சரித்திருக்கலாம்."

"எச்சரித்திருக்கலாம்," என்றேன்.

புதிய பதிப்பின் அட்டையில் பேராசிரியையின் பெயர் முதலில் நிற்கிறது. அதன் கீழே கணவரின் பெயர். அந்த இரண்டாவது பெயர் போகும்வரை நான் ஓய்வதாக இல்லை.