செல்லியைத் தோற்கடித்த கை

குழந்தைவேல் அண்ணன் இறந்துவிட்டார் என்று அவர் ஆபீஸ் பெண் போனில் சொன்னபோது, என் வாயில் முதலில் வந்தது "நிஜமாத்தானா?" என்பதுதான். அவள் அழுதுகொண்டே, "இதுல போயி யாராச்சும் பொய் சொல்லுவாங்களாங்க?" என்றாள். சொல்லுவார்கள். மாமியார் பேச்சுமூச்சில்லாமல் கிடக்கிறார் என்று ஒருமுறை எங்கள் கூட்டு விளையாட்டின் ரிலீசைத் தள்ளிப்போட்டுவிட்டு, அன்று சாயங்காலமே அதே மாமியாரோடு சேலத்தில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் அவர். நான் போய் எதிரே நின்றேன். மனிதர் கொஞ்சமும் அசரவில்லை. "பாருங்கம்மிணி, பிரியாணின்னதும் எந்திரிச்சு உக்காந்துட்டாங்க" என்றார்.

'சங்ககிரி' விளையாட்டின் மூன்று பாகங்களையும் போன் தேயத் தேய ஆடியவர்களுக்கு, அது பிறந்த கதை முழுசாகத் தெரியாது. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு துணிக்கடை மாடியில் என் கேம் கம்பெனி. சிலம்பம் சுற்றும் செல்லி எங்கள் பெண். திருச்செங்கோட்டில் அவர் கம்பெனி. வீல் ஸ்பானரும் கையுமாக நிற்கும் லாரி டிரைவர் மாரப்பன் அவர்கள் பிள்ளை. இரண்டுமே சண்டை விளையாட்டு, இரண்டையும் ஆடுவது அதே காலேஜ் பசங்கள். எங்கள் செல்லி மழையில் சண்டை போட்டால் அடுத்த மாதமே மாரப்பன் தலையிலும் மழை கொட்டும். என் ஆபீசில் எவனோ விலைபோய்விட்டான் என்று ரொம்ப நாள் எல்லோர் முகத்தையும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செல்லியும் மாரப்பனும் மோதினால் யார் ஜெயிப்பார்கள் என்று பசங்கள் கமெண்டில் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அதனால்தான் நாங்கள் சேர வேண்டி வந்தது. பேச்சுவார்த்தைக்கென்று சேலத்துக்கு அவர் வர மாட்டார், திருச்செங்கோட்டுக்கு நான் போக மாட்டேன். நடுவில் சங்ககிரியில் ஒரு பேக்கரியில் உட்கார்ந்தோம். யார் பெயரை முன்னால் போடுவது என்ற சண்டை ஓயவே இல்லை. கடைசியில் உட்கார்ந்திருந்த ஊரின் பெயரையே வைத்துவிட்டோம்.

ஒப்பந்தமும் அங்கேதான் பேசினோம். அவரவர் ஆளை அவரவரே அமைத்தால் கை தன் பக்கம்தான் சாயும். அதனால் செல்லியின் அடி எவ்வளவு வேகம், எவ்வளவு பலம் என்பதை அவர் வைப்பார். மாரப்பனுக்கு நான் வைப்பேன். அதையும் எதிராளியாக நின்று சொந்தக் கையால் ஆடிப் பார்த்துத்தான் வைக்க வேண்டும், ஆபீஸ் பசங்களிடம் தள்ளிவிடக் கூடாது. "உங்க புள்ளைய நான் வளக்கறேன், என் புள்ளைய நீங்க வளங்க. பட்டினி போட்டா ஊரே பேசுமில்லீங்க?" என்றார்.

முதல் பாகத்தில் செல்லி அடித்து நொறுக்கினாள். ஆபீசில் கேக் வெட்டினார்கள், எனக்கு இறங்கவில்லை. இந்த மனிதர் எதற்கு இவ்வளவு வாரிக் கொடுத்தார்? கொஞ்ச நாளில் விளங்கியது. விழுந்து விழுந்து எழுந்து நிற்கும் மாரப்பன்மேல் எல்லோருக்கும் பாசம் பொங்கிவிட்டது. மாரப்பன் படம் போட்ட பனியன் சேலத்தைத் தாண்டி ஓமலூர் வரைக்கும் வந்துவிட்டது. போன் போட்டுச் சத்தம் போட்டேன். "தோத்தாலும் சண்டைக்கு வாரீங்க, ஜெயிச்சாலும் சண்டைக்கு வாரீங்க. உங்கள என்னதானுங்க பண்றது?" என்று சிரித்தார். பலே ஆள்!

இரண்டாம் பாகம் முடிகிற சமயத்தில் இடி விழுந்து எங்கள் கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டன. கேட்காமலே தன் ஆபீஸ் கம்ப்யூட்டர்களை வண்டியில் ஏற்றி அனுப்பிவைத்தார். வேவு பார்க்க உள்ளே ஏதாவது வைத்திருப்பாரோ என்று ஒரு நாள் முழுக்கக் குடைந்து பார்த்த பிறகுதான் வேலையைத் தொடங்கவிட்டேன். மறுநாள் அவரே கூப்பிட்டு, "ஏனுங்கம்மிணி, ஏதாச்சும் கெடச்சுதுங்களா?" என்றார்.

மூன்றாம் பாகத்துக்கு உட்கார்ந்தபோதுதான் அவர் வலது கை மேசைக்குக் கீழேயே இருப்பதைக் கவனித்தேன். டீயைக்கூட இடது கையால் குடித்தார். நான் பேசுவதை ரெக்கார்டு செய்கிறார் என்று எனக்குச் சந்தேகம். "கையை மேல வைங்கண்ணா" என்றே சொல்லிவிட்டேன். "குளுருதுங்க" என்றார். வெளியே சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

விளையாட்டு வெளியானதும் செல்லி மானம் போனது. நேற்று போன் வாங்கியவன்கூட அவளை வீழ்த்தினான். செல்லிக்காகவே ஆடிவந்த பசங்கள் காறித் துப்பிவிட்டு விலகினார்கள். ஆபீசைக் காலி செய்யலாமா என்கிற அளவுக்குப் போய்விட்டது. அவரைக் கூப்பிட்டேன். "கொறச்சது நாந்தானுங்க. அவ பலம் சாஸ்தியா இருந்துச்சு. எத்தன ஆட்டம் ஆடியும் என்னால ஜெயிக்க முடியல" என்றார். துரோகி என்று சொல்லிவிட்டு வைத்தேன். ஒப்பந்தப்படி அவர்தான் திருத்த வேண்டும். அவரிடம் போய்க் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

துக்கம் விசாரிக்கத்தான் முதல்முறையாகத் திருச்செங்கோடு போனேன். மாரப்பன் இனி யார் கைக்குப் போவான் என்று தெரிந்துகொள்ளவும்தான். அவர் மனைவி சரசு அக்கா பக்கத்தில் உட்காரவைத்தார். "கை நடுக்கம் வந்து ரொம்ப நாளாச்சுங்க. சட்டைக்குப் பட்டன்கூட நாந்தான் போட்டுவுடுவேன். ஆனா அந்தப் போன மட்டும் ஒருத்தரையும் தொடவுட மாட்டாரு. 'அம்மிணிக்குச் சொல்லியிருக்கறேன், நானேதான் ஆடோணும்'னு உக்காந்துக்குவாரு. செல்லிகிட்ட அடி வாங்கி வாங்கி, 'இவ இத்தன முரடா இருக்கறாளே'ன்னு கொறச்சுக்கிட்டே போனாருங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா?"

"சொன்னா நீங்க நம்ப மாட்டீங்கன்னாருங்க."

குத்திக்காட்டவில்லை, இருந்ததைச் சொன்னார். நம்பியிருக்க மாட்டேன். டாக்டர் சீட்டைக் கொண்டுவாங்க என்றிருப்பேன். எனக்கு அழுகை வந்தது. பார்க்கிறவர்கள் நடிக்கிறேன் என்று நினைப்பார்களே என்று அடக்கப் பார்த்தேன், முடியவில்லை.

நாலாம் பாகத்துக்குச் செல்லியை அவர் மகள் அமைக்கிறேன் என்கிறாள். அந்தப் பெண்ணின் சிரிப்பும் அவ்வளவு நம்புகிறமாதிரி இல்லை, அது இருக்கட்டும். மூன்றாம் பாகத்துச் செல்லியைச் சரிசெய்துவிடலாம், போன ஆட்கள் திரும்பி வருவார்கள் என்று என் ஆபீசில் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். முடியாது என்றுவிட்டேன். அவள் தோற்கட்டும். அவளோடு மோதுகிறவர்கள் அவள் கம்பு எவ்வளவு மெதுவாக இறங்குகிறது என்று பாருங்கள். கடைசிக் காலத்தில் குழந்தைவேல் அண்ணனின் விரல்களால் தடுக்க முடிந்த வேகம் அது. அவருடையதென்று என்னிடம் இருப்பது அதுதான், அதை யாரும் தொட விடமாட்டேன்.