அவனுடைய கதையை நான் சொன்னேன்

மூன்று வருடங்களுக்கு முன்பு, மலேசியாவின் ஈப்போ நகரில், புந்தோங்கில் என் வீட்டருகே இருந்த மாமாக் தேநீர்க் கடையில் நானும் என் நண்பனும் தினமும் மாலையில் உட்கார்ந்து நேர்முகத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தோம். இருவரும் சின்ன நிறுவனங்களில் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தவர்கள். உலகமே அறிந்த ஒரு பெரிய நிறுவனத்தில், ஒரே பிரிவில், இருவருக்கும் கடைசிச் சுற்றுக்கு அழைப்பு வந்திருந்தது. பல இடங்கள் காலியாக இருந்ததால் எங்களுக்குள் போட்டி எதுவும் இல்லை.

நிரல் எழுதச் சொன்னால் எனக்குப் பயமில்லை. கடைசிச் சுற்றுதான் பயமுறுத்தியது. நீங்கள் செய்த பெரிய தவறு எது, அதை எப்படிச் சரிசெய்தீர்கள் என்று அதில் கட்டாயம் கேட்பார்கள். உண்மையில் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். அதற்கு நண்பனிடம் அருமையான பதில் இருந்தது. தன் நிறுவனத்தின் வாடிக்கையாளரான ஒரு டயாலிசிஸ் மையத்தின் தீபாவளி வார நேரப் பட்டியலை அவன் தவறுதலாக அழித்துவிட்டான். நகலும் எடுத்து வைக்கவில்லை. அன்றே முதலாளியிடம் ஒப்புக்கொண்டு, மையத்தாரோடு உட்கார்ந்து புதுப் பட்டியல் போட்டான். போன் எடுக்காத நோயாளிகளைத் தேடித் தாப்பா பக்கத்துப் பழைய ரப்பர் தோட்டங்களுக்கு மோட்டார் சைக்கிளில் போய், வீடு வீடாக நேரம் சொன்னான். செம்மண் பாதையில் டயர் பஞ்சராகி, வண்டியைத் தள்ளிக்கொண்டே கடைசி வீட்டுக்குப் போனானாம். நான் கேள்வி கேட்பவனாக நடிக்க, அவன் இதை எத்தனையோ முறை சொல்லிப் பழகினான்.

என் முறை முதலில் வந்தது. கணினித் திரையில் ஒரு பெண்மணி. அந்தக் கேள்வியையே கேட்டார். நான் தயாரித்திருந்த சப்பைக் கதை அவரிடம் எடுபடாது என்று தோன்றியது. வாய் தானாக நண்பனின் கதையைச் சொல்ல ஆரம்பித்தது. பஞ்சரைக்கூட விட்டுவைக்கவில்லை. அவர் ஆர்வமாகக் குறித்துக்கொண்டார்.

'வாய் தானாக' என்று எழுதுகிறேன் பாருங்கள், இன்னும் எனக்குப் புத்தி வரவில்லை. நான்தான் சொன்னேன்.

மறுநாள் காலை அவன் முறை. முன்கூட்டியே சொல்லியிருந்தால் வேறு கதையைத் தயார் செய்திருப்பான். வெட்கத்தில் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். அவனிடம் வேறு யாராவது கேள்வி கேட்பார்கள் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

அதே பெண்மணிதான் கேட்டிருக்கிறார். முடிந்ததும் நேராக என் வீட்டுக்கு வந்தான்.

"அந்தம்மா பாதியிலயே எழுதுறத நிறுத்திட்டாங்க மச்சான். மொகமே மாறிப்போச்சி. தப்பு பண்ணத அவ்ளோ வெளக்கமா சொல்லியிருக்கக் கூடாது போல லா."

"இருக்கும்" என்றேன். அந்த ஒரு சொல்லுக்காக இன்றுவரை என்னை என்னால் மன்னிக்க முடியவில்லை.

எனக்கு வேலை கிடைத்தது. அவனுக்குக் கிடைக்கவில்லை. அங்கே காரணம் சொல்லும் வழக்கமில்லை. "பரவால்ல லா, ஒனக்காச்சும் கெடச்சிச்சே" என்று கைகொடுத்தான். அதன் பிறகு அவன் எந்தப் பெரிய நிறுவனத்துக்கும் விண்ணப்பிக்கவே இல்லை.

போன வருடம் மனம் தாங்காமல் எல்லாவற்றையும் அவனிடம் சொல்லிவிட்டேன். அடிப்பான், குறைந்தது திட்டவாவது செய்வான் என்று நினைத்தேன். அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"அப்ப அந்தம்மா என்னையத்தான் பொய்க்காரன்னு நெனச்சிட்டாங்களா?"

என் வேலை போனாலும் போகட்டும் என்று அன்றே அந்தப் பெண்மணிக்கு உண்மையை எழுதி அனுப்பினேன். அவர் எப்போதோ நிறுவனத்தை விட்டுப் போயிருந்தார். மின்னஞ்சல் திரும்பி வந்துவிட்டது.

இப்போதும் பார்த்தால் சிரிக்கிறான், பந்து விளையாட்டைப் பற்றிப் பேசுகிறான். ஆனால் தனக்கு நடந்த எதையும் என்னிடம் சொல்வதில்லை; கேட்கும் தகுதியை இழந்துவிட்டேன் என்று தெரிந்ததால் நானும் கேட்பதில்லை.