டி. ரெங்கசாமி யார்?

பிரிக்பீல்ட்ஸில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் அன்று எனக்கு மொழிபெயர்ப்பு வேலை. பிறர் பேசியதை மட்டும்தான் நான் சொல்ல வேண்டும். என் வாய்க்கு அது பெரிய தண்டனை.

எதிரே ரெங்கசாமி. செந்தூல் ரயில்வே பட்டறையில் முப்பது வருஷம் பிரேக் மாட்டியவர். கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில் ஏறி வந்திருந்தார்.

வெளிநாட்டு வக்கீல் ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். கணினி மெமரி சிப் செய்யும் இரண்டு கம்பெனிகளுக்குச் சண்டை. எங்கள் பேட்டண்ட்டை லைசென்ஸ் வாங்காமல் பயன்படுத்துகிறீர்கள் என்கிறது ஒன்று. கண்டுபிடித்தவர் பெயரே பொய், அந்தப் பேட்டண்ட் செல்லாது என்கிறது இந்த வக்கீலின் கம்பெனி.

"அங்கிள், மெமரி லைசென்ஸ் பத்தி கேக்கறாரு."

"மெமரி நல்லாதாம்மா இருக்கு! லைசென்ஸும் போன மாசம்தான் ரினியூ பண்ணேன்."

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. வக்கீல் பேட்டண்ட் தாளைக் காட்டினார். கண்டுபிடித்தவர்: டி. ரெங்கசாமி, கிள்ளான். கீழே வீட்டு விலாசம். 'இதை நான் கண்டுபிடிக்கவில்லை' என்று ரெங்கசாமி கையெழுத்துப் போட்டால் அந்தப் பெயரை அடித்துவிடலாம்.

"ஐயோ, நான் எங்கம்மா கண்டுபிடிச்சேன்? குடுங்க, போடறேன்." பேனாவைத் திறந்தவர் நின்றார். "விலாசம் என் வீடுதான். ஆனா இது யாரு டி? எங்கப்பா முனியன். நான் எம். ரெங்கசாமியாச்சே."

எனக்குப் பளிச்சென்றது. சொல்லக் கூடாதே! நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"டி..." என்று இரண்டு முறை முணுமுணுத்தார். "தாமரை. எம் மவ. அடையாளக் கார்டு ஐசியில தாமரை அனாக் பெரெம்புவான் ரெங்கசாமின்னு இருக்கும்."

அனாக் பெரெம்புவான் என்றால் மலாயில் மகள். அப்பா பெயரைக் குடும்பப் பெயர் என்று நினைத்து, மகளை ஒற்றை எழுத்தாகச் சுருக்கிவிட்டிருக்கிறார்கள், மகானுபாவர்கள்!

மகளுக்கு என்ன வேலை என்று வக்கீல் கேட்டார்.

"ஃபேக்டரியில, பதினெட்டு வருஷமா. என்ன வேலைன்னு நான் கேட்டதே இல்லம்மா." பேனாவை மூடி, தாளைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

வாசலுக்கு வந்ததும் போன் போட்டார். ஸ்பீக்கர் போடாமல் அவருக்குக் காது கேட்காது.

"ஏம்மா தாமரை, நீ என்னம்மா கண்டுபிடிச்ச?"

அவள் மெல்லச் சொல்லத் தொடங்கினாள். எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. அவருக்கும்தான்.

"ம், சொல்லும்மா... ம், அப்புறம்?" என்று வெயிலிலேயே நின்றுகொண்டிருந்தார்.