பாலை விட்டேன், கொத்சுவை விடமாட்டேன்

காணும் பொங்கலன்று சிதம்பரத்தில் மச்சான் வீட்டில் கூடியிருந்தோம். வருடாவருடம் நான் சொல்லும் பலாப்பழக் கதையை ஆரம்பித்தேன். பண்ருட்டியில் வாங்கிய பழத்துக்கு லக்கேஜ் டிக்கெட் எடுக்க மனமில்லாத மச்சான், அதைச் சால்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, குழந்தை என்கிறார். கண்டக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, “என்னாங்க, புள்ள முள்ளு முள்ளா இருக்கு?” என்கிறார். அதற்கு மச்சான் சொன்ன பதில்...

வரவில்லை. வாயைத் திறந்தபடி நின்றேன். அதுதான் ஜோக் என்று நினைத்துக் கூட்டம் சிரித்தது. “அப்பாடா, இந்த வருசம் நான் தப்பிச்சேன்” என்றாள் மச்சான் மனைவி. எனக்கு மட்டும் வியர்த்தது.

காரணம் அப்பா. அறுபதைத் தாண்டியதும் ஒவ்வொன்றாக மறந்தார், கடைசியில் என்னையே பார்த்து, “சார் எந்த ஊரு?” என்று கேட்டார். எனக்கு இப்போது ஐம்பத்திரண்டு.

கடலூர் திரும்பும் பஸ்ஸிலேயே செல்போனில் வைத்தியத்தைத் தொடங்கினேன். ஒத்துக்கொள்ளாத உணவு மூளையை மழுங்கடிக்கும் என்றார் ஒருவர். பால் குடித்தால் என் வயிற்றுக்குள் டிராக்டர் ஓடும்; பாலை விட்டேன். கோதுமை விஷம் என்றார் இன்னொருவர், பரோட்டாவை விட்டேன். அடுத்த வீடியோவில் கத்திரிக்காய் போயிற்று. பிறகு பருப்பு, மீன். கடைசியில் வெள்ளரிக்காயும் நானும்தான் மிச்சம். அந்த லட்சணத்தில் முதுநகருக்கு பைக்கில் போய், ஷேர் ஆட்டோவில் திரும்பி, பைக்கைத் திருடிவிட்டார்கள் என்று தெருவையே கூட்டினேன்.

“மூளைய காப்பாத்துறேன்னு அதப் பட்டினி போட்டுட்டீங்களே” என்று மனைவி டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனாள்.

“பால் ஒத்துக்கலன்னா பால விடுங்க சார். கத்திரிக்கா உங்கள என்னா பண்ணுச்சு?” என்றார் அவர். பாலோடு மீனையும் விட்டால் பி-12 சத்து குறையும், அதுவே மறதியைக் கொண்டுவரும் என்றும் சொன்னார்.

“எங்கப்பாவுக்கு வந்தது எனக்கும் வருமா?”

“வராதுன்னு நான் சொல்ல முடியாது. நல்லா சாப்புடுங்க, நடங்க, தூங்குங்க. பயந்து ஒண்ணும் ஆவப்போறதில்ல.”

சரி, வருவதானால் வரட்டும். வரும்போது நான் வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்க மாட்டேன். கையில் வரக்காப்பி, தட்டில் மீன் குழம்பு. வந்து பக்கத்தில் உட்காரட்டும், பார்த்துக்கொள்கிறேன்.

சித்திரையில் மறுபடி சிதம்பரம். இட்லியும் கத்திரிக்காய் கொத்சும். யாரும் கேட்காமலே பலாப்பழக் கதையை எடுத்தேன். கண்டக்டர் தொட்டுப் பார்க்கும் இடத்தில் மறுபடி நின்றுபோனேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

மச்சான் மனைவி கொத்சுக் கரண்டியோடு என் முன்னால் வந்து நின்றாள். “‘அவங்கம்மா ஜாடை’ன்னு சொல்லுங்கண்ணே.”

சிரிப்பில் வீடே அதிர்ந்தது.

“அது பழைய பதிலும்மா. புதுசா ஒண்ணு யோசிச்சிக்கிட்டிருந்தேன்.”

“நல்லா யோசிங்க” என்று இன்னொரு கரண்டி ஊற்றினாள். போதும் என்று நான் சொல்லவில்லை.