வராதவர்களின் ஓட்டு

போன மாதம் எங்கள் எண்ணெய் கம்பெனியில் பங்குதாரர் கூட்டம். வரிசையாக வாடகை நாற்காலிகள். முன்னால் நானும் மளிகைக்கடை ஹக்கீம் பாயும். எதிரே மேஜைக்கு அந்தப் பக்கம் எம்.டி. நடராஜ், அவர் மனைவி, மச்சினன். வேறு ஒரு ஆள்... ம்ஹூம்!

மற்றவர்கள் வராததற்குச் சோம்பேறித்தனம் காரணமில்லை. வைராக்கியம்.

புதிதாகப் படிப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பொள்ளாச்சி வியாபாரி சொன்ன விலைக்கே தேங்காயைப் போட்டுப் போட்டு நொந்துபோய், வடகரப்பதித் தோப்புக்காரர்கள் நாங்களே பங்கு போட்டு ஆரம்பித்த மில் இது. பங்கில் பாதிக்கு மேல் எங்கள் கையில். அதனால் தேங்காய்க்கு என்ன விலை என்று நாங்கள்தான் கூடிப்பேசி வைப்போம். லாபம் கிடக்கட்டும், அந்த உரிமைக்காகத்தான் அத்தனை பேரும் சேர்ந்தோம்.

இப்போது கொப்பரை காயவைக்கப் புது டிரையர் வாங்க வேண்டுமாம். அதற்காகப் புதுப் பங்குகள் வெளியிட்டு, கோவையில் ஏதோ ஒரு கம்பெனிக்குக் கொடுக்கப் போகிறார்களாம். நோட்டீஸ் வந்தது. அந்தக் கம்பெனி யாருடையது? கேட்டால் எம்.டி. சிரிக்கிறார். எனக்கு அந்தச் சிரிப்பே பிடிக்கவில்லை.

எங்கள் வாட்ஸ்அப் குரூப் அன்றைக்கே பற்றிக்கொண்டது. ‘நம்ம பங்கு அப்படியேதானே இருக்கு, கவலை எதுக்கு?’ என்று ஒரு கட்சி. ‘எண்ணிக்கை இருக்கும், பலம் போயிரும்’ என்று இன்னொரு கட்சி.

இதை எல்லோருக்கும் புரிய வைத்தவர் என் கொழுந்தனார் பழனிச்சாமி.

“ஏனுங்க, நம்ம பங்குக் கெணறு மாதிரிதானுங்க. புதுசா ஒருத்தன் சேந்தா, கெணறு அதேதான். ஆனா நான் மோட்டார் போடற முறை தள்ளிப் போயிருமில்லைங்க? இதுவும் அப்படித்தான்!”

பிரமாதம்! எந்த ஆடிட்டரும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்க மாட்டார். அதோடு நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நிறுத்தவில்லையே!

எங்கள் பக்கத்துப் பங்குக் கிணறுகளில் ஒரு வழக்கம் உண்டு. ஆழப்படுத்த வேண்டுமா, புதுப் பங்காளியைச் சேர்க்க வேண்டுமா — எல்லாப் பங்காளிகளும் கிணற்றடியில் வந்து நிற்க வேண்டும். ஒருத்தர் வராவிட்டாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும். அதனால் பிடிக்காததைத் தடுக்க யாரும் வாயைத் திறந்து சண்டை போடுவதில்லை. அன்றைக்குப் பார்த்து பக்கத்து ஊர் கோபாலபுரத்தில் ஒரு விசேஷம் என்று வண்டியேறிவிடுவார்கள். பழனிச்சாமி இப்படியே போய்ப்போய் ஒரு சித்தப்பா மகனைப் பல வருஷம் கிணற்றுக்குள் சேர்க்கவிடாமல் செய்தவர்.

“ஒருத்தரும் போகாதீங்க. போனா ஒத்துக்கிட்டோம்னு ஆயிரும்” என்று குரூப்பில் வாய்ஸ் மெசேஜ் போட்டார். ஆளாளுக்குக் கட்டைவிரலைத் தூக்கினார்கள்.

முதல் கூட்டம் ஆள் சேராமல் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போனது. கேட்க வேண்டுமா? தோப்புக்குத் தோப்பு வெற்றி விழா!

ஹக்கீம் பாய் விஷயம் தெரிந்தவர். கடை கல்லாவில் இருந்தபடியே தலையில் அடித்துக்கொண்டார். “தள்ளிவச்ச கூட்டத்துக்கு வந்தவங்களே போதும்மா. அதான் சட்டம். போயி எதிர்த்து ஓட்டுப் போட்டாத்தான் தடுக்க முடியும். இவங்களுக்கு யாராவது சொல்லுங்க.”

சொன்னேன். வீட்டுக்கே போய்ச் சொன்னேன். பழனிச்சாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“அண்ணி, கோச்சுக்காதீங்க. எம்.டி. ஊட்டுல இருந்து உங்களுக்கு எண்ணெய் டின் எதாச்சும் வந்துச்சுங்களா?”

எனக்கு வந்த கோபத்துக்கு... காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். வரும்போதே இன்னொரு நினைப்பு. ஹக்கீம் பாய் எதற்கு இவ்வளவு அக்கறையாகச் சொல்கிறார்? மில்லுக்கு அவர் கடையில் இருந்துதானே சாமான் போகிறது? பாருங்கள், இந்த வியாதி எனக்கும் தொற்றிக்கொண்டது.

தள்ளிவைத்த கூட்டத்தில் நாங்கள் இரண்டு பேரும் எதிர்த்துக் கை தூக்கினோம். எங்கள் பங்கு கொசுறு. எம்.டி. குடும்பத்துப் பங்கோ பெரிசு. டீ ஆறுவதற்குள் தீர்மானம் நிறைவேறிவிட்டது. பிஸ்கட் கொடுத்தார்கள். ஹக்கீம் பாய் தொடவில்லை. அப்போதுதான் அந்த மனுஷன்மேல் எனக்கிருந்த சந்தேகம் போனது.

செய்தி கேட்டு பழனிச்சாமி ஓடிவந்தார். முகம் வெளுத்திருந்தது.

“அதெப்படிங்க அண்ணி? நாங்கதான் வரவே இல்லீங்களே! வராம எப்படிங்க முடிவாகும்?”

திட்டலாம் என்றுதான் இருந்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் மனசு வரவில்லை.

நமக்குச் சந்தேகப்படத் தெரிகிறது. எம்.டி.மேல் சந்தேகம், நோட்டீஸ்மேல் சந்தேகம், அண்ணிமேல் சந்தேகம். சரி, படுவோம். ஆனால் சந்தேகப்படுகிறவர்கள் முதல் ஆளாகப் போய் முன்வரிசையில் உட்கார வேண்டாமா? நாமோ கோபித்துக்கொண்டு வீட்டில் இருக்கிறோம். நம் கோபம் எதிராளிக்கு எவ்வளவு சௌகரியம்!

கோவைக் கம்பெனி யாருடையது என்பதும் தெரிந்துபோயிற்று. வேறு யார்... எவரிடம் இருந்து தப்பிக்க மில் ஆரம்பித்தோமோ, அதே பொள்ளாச்சி வியாபாரியின் மருமகன்தான். இப்போது பாதிக்கு மேல் பங்கு அவரும் எம்.டி.யும் சேர்ந்து வைத்திருக்கிறார்கள். விலை வைக்கும் கூட்டமெல்லாம் இனிமேல் கிடையாதாம்.

நேற்று மில்லுக்குப் போயிருந்தேன். பழனிச்சாமியின் தேங்காய் லோடு வாசலில் நின்றது. ஆபீஸ் ஜன்னலுக்கு உள்ளே மருமகன் போன் பேசிக்கொண்டிருந்தார். வெளியே பழனிச்சாமி, தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, அவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

“ஏனுங்க... இன்னிக்குக் காய் என்ன வெலைங்க?”