ரைஸ்மில்லைப் பெண் பார்க்க வந்தார்கள்

எங்கள் நெடுங்காட்டுப் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் முதலில் வீட்டுக்கு வெள்ளையடிப்பார்கள். பெண்ணுக்குப் பவுடர் பூசுவதெல்லாம் பிறகுதான். நான் நான்காம் வகுப்பு படித்தபோது, அம்மாவின் தம்பியான என் மாமா அதே உபசாரத்தைத் தன் பழைய ரைஸ்மில்லுக்குச் செய்தார்.

மில் ஓடாமல் நின்று வெகுகாலம் ஆகியிருந்தது. நெல் மூட்டை அடுக்கிய நீளக் கூடம் மட்டும் ஊருக்குப் பொதுவாகிவிட்டது. கல்யாணச் சமையல் அங்கேதான். ஐப்பசி மழையில் வாய்க்கால் உடைத்துக்கொண்டால், நாங்கள் குடியிருந்த கீழத்தெரு முழுவதும் பாயும் பாத்திரமுமாகப் போய்ச் சேர்வதும் அங்கேதான். பக்கத்தில் மேடான கட்டடம் வேறு கிடையாது.

பழைய கட்டடங்களைச் சோதித்து, எதைப் பழுதுபார்க்கலாம், எதைப் பூட்டவேண்டும் என்று சொல்லக் காரைக்காலிலிருந்து ஓர் இஞ்சினியரம்மா வருகிறார் என்று தெரிந்ததும் மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை. மழைக்கு முன்னால் பூட்டிவிட்டால் இத்தனை குடும்பமும் எங்கே போகும்? வடக்குச் சுவரின் விரிசல்களையெல்லாம் சிமெண்ட் குழைத்து அடைத்தார். மேலே இரண்டு பூச்சு வெள்ளை. அத்தை கேசரி கிண்டிக்கொண்டே, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பற்றி ஏதோ முணுமுணுத்தார். மாமாவுக்குக் காது கேட்கவில்லை.

வந்தவர் கேசரியை ரசித்துச் சாப்பிட்டார். பிறகு பையிலிருந்து ஒரு சின்னச் சுத்தியலை எடுத்துச் சுவரைத் தட்டித் தட்டி, காதை வைத்துக் கேட்டார். சுவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கிற மனுஷியை நான் அதற்குமுன் கண்டதில்லை. வாலாக ஒட்டிக்கொண்டேன்.

"என்னங்க கேக்குது?"

"நீயே தட்டிப் பாரேன்," என்று சுத்தியலை என் கையில் கொடுத்துவிட்டார்.

சந்தையில் தேங்காயைத் தட்டிப் பார்ப்பது போலத்தான். சில இடத்தில் கெட்டியாக 'டக்' என்றது. சில இடத்தில் 'டொப்'. அந்த டொப் எங்கே போகிறது என்று தட்டிக்கொண்டே போனேன். அது ஒரே கோடாகக் கீழேயிருந்து மேலே ஏறியது. கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் எனக்கு வாய் நிற்கவில்லை.

"டொப்புன்னு வர்றதெல்லாம் மாமா நேத்து பூசுன எடங்க."

மாமா ஓட்டுக்கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"எதுக்குங்க மறைச்சீங்க?" என்று கேட்டார் இஞ்சினியரம்மா. குரலில் கோபம் இல்லை.

"பாத்தா பூட்டிடுவீங்கன்னுதாங்க."

"வெரிசல் எப்படி ஓடுதுன்னு பாத்தாதானே சுவரு எந்தப் பக்கம் சாயுதுன்னு தெரியும்? அதையே மூடி வச்சா நான் எதைப் பாக்குறது?"

பூச்சைப் பெயர்த்தார்கள். தரையோரம் நூலளவாக இருந்த விரிசல், ஏணியில் ஏறிப் பார்த்தவருக்கு மேலே கையே நுழையும் அளவுக்கு இருந்தது. சுவர் வெளிப்பக்கமாகச் சாய்கிறது என்றார். மழைக்கு முன்னால் சவுக்குமரம் வைத்து முட்டுக்கொடுக்க வேண்டும், பிறகு இரும்புக் கம்பி கோத்து இழுத்துக்கட்டி, பழைய மாதிரியே சுண்ணாம்புக் காரையில் பூச வேண்டும். பூட்ட வேண்டியதில்லை. மாமா மேல்துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

கிளம்பும்போது இஞ்சினியரம்மா ஒன்று கேட்டார். "மழைக்கு ஜனங்க வந்து தங்குறப்ப, இந்தச் சுவத்தோரம் யாரு படுப்பாங்க?"

"நான் ஒருத்தன்தாங்க. வேற யாரையும் இந்தப் பக்கம் அண்டவிட மாட்டேன்."

எனக்கு ஒரே ஆனந்தம். தெருவே எதிர்ப்பக்கம் ஒருவர் காலில் ஒருவர் தலையாக நெருக்கியடித்துக் கிடக்க, மாமா மட்டும் அந்தப் பக்கம் முழுவதையும் வளைத்துப்போட்டுக் கால் நீட்டிப் படுக்கிற அநியாயத்தை ஒருவராவது கேட்டார்களே. நன்றாக நாலு வார்த்தை திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை. மாமாவைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு ஜீப்பில் ஏறினார். பெரிய மனிதர்கள் ஒருவரையொருவர் விட்டுக்கொடுக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

வேலையெல்லாம் முடிந்து அடுத்த வருடம் மழைக்குப் போனபோது, மாமாவே எங்களைக் கூப்பிட்டு வடக்குச் சுவரோரம் பாய் விரிக்கச் சொன்னார். இஞ்சினியரம்மா யாருக்கும் தெரியாமல் அவரைக் கண்டித்திருக்கிறார் என்று முடிவுகட்டி, கையையும் காலையும் ஆனமட்டும் நீட்டிப் படுத்தேன்.